மாத்திரை நின்றது, வறட்சி நிற்கவில்லையே?

கேள்வி: முகப்பருவுக்காக எட்டு மாதம் ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டேன். பரு போய்விட்டது; போன வாரம் மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் உதடு வெடிக்கிறது, முகத்தோல் உரிகிறது. சருமம் பழையபடி ஆகுமா டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: ஆகும், கவலை வேண்டாம். எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கித்தான் இந்த மருந்து பருவை அடக்குகிறது. வறட்சிக்கும் அதுவே காரணம். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் ஈரப்பதம் திரும்பிவிடும்.

அதுவரை தோலைத் தொந்தரவு செய்யாதீர்கள். மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர், உதட்டுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி, பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் தடவுங்கள். எலுமிச்சைச் சாறு, ஸ்க்ரப் இரண்டும் கூடாது. 6 மாதத்துக்கு வேக்ஸிங் வேண்டாம்; தோல் பிய்ந்து தழும்பாகலாம்.

மிக முக்கியமானது: கடைசி மாத்திரைக்குப் பிறகு 1 மாதமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது; கருவை அது கடுமையாகப் பாதிக்கும். அதுவரை ரத்த தானமும் வேண்டாம்.

பருக்கள் விட்டுச்சென்ற கருமை மறைய மாதக்கணக்கில் ஆகும், பொறுமை தேவை. மீண்டும் பரு தலைகாட்டினால், மிச்ச மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். சரும மருத்துவரைப் பாருங்கள். அடாபலீன் ஜெல்லே போதுமானதாக இருக்கலாம்.