ஓடையில் எறியாமையும் ஓர் அறமே

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தளித்த ஒழுக்கங்கள் பல. உண்பது, பேசுவது, நடப்பது பற்றிய ஒழுக்கங்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். கழிப்பது பற்றிய ஒழுக்கத்தை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு பொருளை வேண்டாம் என்று விடும்போது, அதனை எங்கே, எவ்வாறு விடுகிறோம் என்பதும் அகிம்சையின்பாற் பட்டதே. கூடுவாஞ்சேரிப் பகுதியின் நீரோடைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இங்குச் சிந்திப்போம்.

நீர் செல்லும் வழி

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பணியின் பொருட்டுச் சென்னைப் புறநகர்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பல. அப்புறநகர்களுள் ஒன்றான கூடுவாஞ்சேரி, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த ஊர். நந்திவரம் – கூடுவாஞ்சேரி 2021-இல் நகராட்சி ஆயிற்று. அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் இறுதியில் பெரிய பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. வீடுகள் பெருகின; வீட்டுக் கழிவுகளும் பெருகின.

இவ்வூரில் நந்திவரம் ஏரி உள்ளது. சிறிது தொலைவில் ஆதனூர் ஏரி உள்ளது. ஏரிகள் நிரம்பி வழியும் நீர் ஓடைகளின் வழியே அடையாற்றைச் சேர்கிறது. ஆதனூர்ப் பகுதியை அடையாற்றின் தலைப்பகுதிகளுள் ஒன்றாகவே கூறுவர். அங்கிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்று ஆறு வங்கக் கடலில் கலக்கிறது. ஆகவே, கூடுவாஞ்சேரியில் ஓடைக்கரையில் எறியப்படும் ஒரு பாலிதீன் பை, அங்கேயே கிடந்து முடிந்துபோவதில்லை. மழை வந்தால் அது பயணம் புறப்படுகிறது.

எறிந்த பொருள் செய்யும் தீங்கு

அப்பை முதலில் சிறுபாலத்தின் அடியிலோ, ஓடையில் மண்டிய முட்செடியிலோ சிக்குகிறது. அதன்மேல் அடுத்த பை, கிழிந்த துணி, தேங்காய் மட்டை என ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கி அணைபோல் ஆகின்றன. நீர் தன் வழியை இழந்து தெருவிற்குள் ஏறுகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிப் பெய்த பெருமழையில், தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. அவ்வெள்ளத்திற்கு அளவிறந்த மழையே முதற்காரணம். குப்பையினால் மட்டும் அது விளைந்தது என்று கூறுவது பொருந்தாது. எனினும், நீர்வழிகள் குறுகியும் அடைபட்டும் இருக்கும் இடத்தில் சிறுமழையும் பெருந்துன்பமாகும் என்பதை மறுக்க இயலாது.

இரண்டாவது தீங்கு கால்நடைகளுக்கு. மிஞ்சிய உணவைப் பையில் கட்டி எறிந்தால், உணவின் மணத்தை நாடி வரும் பசு பையோடு சேர்த்து விழுங்குகிறது. அது செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. இரைப்பையில் திரண்டு தங்கி, அவ்வுயிரை மெல்ல மெல்ல வாட்டிக் கொல்கிறது. கடலை அடைந்த பைக்கும் கொலைத்தொழில் முடிவதில்லை. நீரில் மிதக்கும் பையைச் சொறிமீன் என்று எண்ணிக் கடலாமைகள் விழுங்குகின்றன. ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில் முட்டையிடச் சென்னைக் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமைகளும் இவ்விடருக்கு விலக்கல்ல.

மூன்றாவது தீங்கை நாம் தனியே எண்ணவேண்டும். அடைபட்டுத் தேங்கிய கழிவுநீரில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் பெருகுகின்றன. எறியப்பட்ட கோப்பைகளிலும் டயர்களிலும் தங்கும் மழைநீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் பெருகுகின்றன. பின்னர் அவற்றை அழிக்க மருந்து தெளிக்கிறோம். அஃதாவது, கருத்தின்மையால் எண்ணற்ற உயிர்கள் தோன்ற இடங்கொடுத்து, பின் அவ்வுயிர்களையே கொல்லும் நிலைக்கு ஆளாகிறோம். இது இரட்டை இம்சை.

நூல்கள் காட்டும் நெறி

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியாக வைக்கப்பட்டது உத்ஸர்க்க சமிதி. உடற்கழிவையும், உயிர்கள் இல்லாத இடத்தை நோக்கி, எவ்வுயிர்க்கும் ஊறு நேராதவாறு விடுதல் அதன் பொருள். இல்லறத்தார் இதனை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாது. ஆனால் இதன் கருத்தைத் தம் ஆற்றலுக்கேற்பப் பின்பற்றலாம். ஸ்ரீசமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், அனர்த்த தண்டம் ஐந்தனுள் ஒன்றாகப் பிரமாதசரியையைக் கூறுகிறார். பயனின்றி, கவனமின்றி நிலத்திற்கும் நீருக்கும் பிறவற்றிற்கும் ஊறு செய்வதே அது. ஓடையில் குப்பை எறிவதால் எறிபவர்க்கு யாதொரு பயனும் இல்லை. சில அடிகள் நடக்கும் உழைப்பு மிச்சமாவதைத் தவிர. பயனற்ற இம்சைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நீரை வடிகட்டிப் பருகும் நம் முன்னோர் வழக்கத்தையும் இங்கு நினைவுகூர்வோம். வடிதுணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எடுத்த நீர்நிலையிலேயே மீண்டும் விட்டனர். நீரிலிருந்து எடுப்பதிலேயே அத்துணைக் கவனம் காட்டிய மரபினர், நீரில் இடுவதில் கவனமின்றி இருத்தல் தகுமோ?

மூலத்திலேயே தடுத்தல்

ஆற்றில் சேர்ந்த குப்பையை அள்ளும் முயற்சிகள் பல இடங்களில் நடைபெறுகின்றன. சென்னைக் கூவத்தில் மிதவைத் தடுப்புகள் அமைக்கப்பட்டன. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 2014 முதல் ஒரு நீர்ச்சக்கரம் குப்பையை வாரி எடுக்கிறது. இவை வேண்டியவையே. ஆயினும் சிங்கப்பூர் ஆற்றின் வரலாறு ஒரு மேலான பாடத்தைத் தருகிறது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் நடந்த தூய்மைப் பணியில், ஆற்றை அள்ளியதோடு நில்லாமல், கரையோரப் பன்றி, வாத்துப் பண்ணைகளையும் தெருவோர உணவுக் கடைகளையும் அகற்றி, கழிவு புறப்படும் இடத்தையே சீர்செய்தனர். அதனாலேயே ஆறு மீண்டது.

நமக்கு அம்மூலம் நம் வீடே. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்கு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை உள்ளது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும்கூட அதில் அடங்கும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குப்பையை வீட்டிலேயே வகைபிரித்துத் தருமாறு கூறின. சட்டம் கூறுவதை அறமாக ஏற்று நாம் செய்யத்தக்கவை இவை:

1. சமையல் கழிவைத் தனியே சேர்த்து உரமாக்குதல், அல்லது தூய்மைப் பணியாளரிடம் பிரித்துத் தருதல். உணவைப் பையில் கட்டி எறியாதிருத்தல்.

2. கடைக்குத் துணிப்பையுடன் செல்லுதல். மறந்து சென்ற நாளில், வாங்கும் பொருளைக் கையில் எடுத்து வரலாம், தவறில்லை.

3. பூசையில் எஞ்சிய மலர்களைப் பையோடு நீர்நிலையில் விடாமல், செடியின் அடியில் இடுதல். பக்தியின் பெயரால் நீரைக் கெடுத்தல் பக்தி ஆகாது.

4. ஆலய விழாக்களிலும் இல்ல நிகழ்ச்சிகளிலும் வாழையிலை, தையல் இலை, கழுவிப் பயன்படுத்தும் குவளை ஆகியவற்றையே வழங்குதல்.

5. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசியிலேயே தெருவார் ஒன்றுகூடி அருகிலுள்ள சிறுபாலத்தைப் பார்வையிட்டு, அடைப்பு இருப்பின் நகராட்சிக்கு எழுத்தால் தெரிவித்தல்.

இவற்றைச் சிறுவர்க்குச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுதல் நன்று. தந்தை வண்டியை நிறுத்தாமலே ஓடையில் பையை வீசுவதைக் கண்ட குழந்தைக்கு, அகிம்சை பற்றிய எந்தப் பாடமும் மனத்தில் தங்காது.

மழைக்காலத்தில் உயிர்கள் பெருகும் என்பதனாலேயே நம் முனிவர்கள் நடையை நிறுத்தி ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசம் அனுட்டிக்கின்றனர். அவர்கள் நடையையே அடக்குகின்றனர். நாம் அடக்க வேண்டியது கையை மட்டுமே.