இராயபுரம் தொடர்வண்டி நிலையத்தை முன்வைத்து மெய்நிகர் காட்சியில் நோக்கு உயரமும் சுட்டல் துல்லியமும்

முன்னுரை

இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையிலான தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. இராயபுரம் நிலையத்தின் தூண் வரிசை முகப்பு இன்றும் நிற்கிறது. இத்தகைய மரபுக் கட்டடத்தை உலாவிவழி மெய்நிகர் காட்சியாக ஆவணப்படுத்துங்கால் அளவே சான்றாகிறது. காண்போரின் கண் உயரம் பிழைபட்டால் தூண்களின் உயரம் குறித்த உணர்வும் பிழைபடும். இப்பிழைகளைக் கண்டறியும் நெறியை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோக்கு உயரம்

வெப்எக்ஸ்ஆர் நியமத்தில் 'லோக்கல்' சட்டகத்தின் தொடக்கப்புள்ளி, அமர்வு தொடங்கும்போது காண்போரின் தலை இருந்த இடத்தையொட்டி அமையும். 'லோக்கல்-ஃப்ளோர்' சட்டகத்தில் அது தரையில் அமையும். முன்னதில் கண் உயரத்தை நிரலரே சேர்த்தல் வேண்டும். பின்னதில் கருவியே அதனை அளித்துவிடும். இவ்வேறுபாட்டை நோக்காது பின்னதிலும் 1.6 மீட்டரைச் சேர்த்தால், நிற்பவரின் கண் ஏறத்தாழ 3.2 மீட்டரில் அமையும். முன்னதில் சேர்க்கத் தவறினால் கண் தரைமட்டத்திற்கு இறங்கும். எனவே கண்ணின் உயர மதிப்பை அளவுநாடாவால் அளந்த உயரத்தோடு ஒப்பிடுதல் முதற்சோதனையாகும். கைக்கருவியைத் தரையில் வைத்தால் அதன் உயர மதிப்பு சுழியை ஒட்டி இருத்தல் இரண்டாம் சோதனையாகும்.

சுட்டல் துல்லியம்

சுட்டல் பிழை இருவகைப்படும். 2, 10, 20 மீட்டர் தொலைவுகளில் இலக்குகளை நிறுத்திச் சுட்டி, விலகலை அளந்தால் அவ்வகை புலப்படும்.

1. விலகல் எத்தொலைவிலும் மாறாதிருப்பின் அது இடப்பிழை. கண்ணை மட்டும் 1.6 மீட்டர் உயர்த்திக் கைக்கருவியின் கதிரை உயர்த்தாது விடுவது இதற்குத் தக்க சான்று.

2. விலகல் தொலைவோடு வளருமாயின் அது திசைப்பிழை. பொருளைப் பற்றுவதற்குரிய பிடிச்சட்டகத்தை, இலக்குக்கதிர்ச் சட்டகத்திற்கு மாற்றாகக் கொள்வதால் இது நேர்வதுண்டு. 5 பாகைப் பிழை 2 மீட்டரில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டராகவும், 20 மீட்டரில் 1.75 மீட்டராகவும் விரியும். ஒரு தூணைச் சுட்டியவருக்கு வேறோர் உறுப்பின் விளக்கம் தோன்ற இதுவே போதும்.

முடிவுரை

உயரப்பிழையும் சுட்டலின் இடப்பிழையும் பெரும்பாலும் ஒரே வேரினவை. கண்ணும் கையும் வெவ்வேறு சட்டகங்களில் கணக்கிடப்படுவதே அவ்வேர். ஆதலின் உயரத்தை முதலில் செம்மை செய்து, பின்னரே திசையை ஆராய்தல் முறையாகும். சுட்டல் விலகலை மறைக்க இலக்கின் பரப்பைப் பெரிதாக்குவது பிழைநீக்கம் ஆகாது. அது ஆவணத்தின் நம்பகத்தன்மையையே குறைக்கும்.