பைன் பிசின் கழிவல்ல

அன்புள்ள கயல்விழிக்கு,

பைன் மரத்தில் வடியும் பிசின், மரம் வேண்டாமென்று வெளியே தள்ளும் கழிவுதானே என்று கேட்டிருக்கிறாய். தாவரவியலாளர்களிலும் பலர் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள். மரம் தன் காவலுக்கென்றே செலவு செய்து உண்டாக்கும் பொருள் அது என்பது என் வாதம். முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பார். கருவேலம் பிசின் சர்க்கரை வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் கரையும். பைன் பிசின் கரையாது. ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் துண்டுகளைக் கோத்து மரம் அதைச் செய்கிறது. இரண்டு துண்டுகள் சேர்ந்தால் பைனீன், காரீன் போன்ற டெர்பீன்கள்; எளிதில் ஆவியாகும் இவைதான் டர்பன்டைன் எண்ணெய். நான்கு சேர்ந்தால் அபியெட்டிக் அமிலம் போன்றவை. இவை ஆவியாகாமல் தங்கி ரோசின் கட்டியாகும். வயலின் வில்லில் தேய்ப்பது இதைத்தான். மூன்று சேர்ந்தவையும் உண்டு. இமயமலையின் சிர் பைனிலிருந்து அத்தகைய லாங்கிஃபோலீனை 1920-இல் பிரித்தெடுத்துக் காட்டிய ஜான் சைமன்சன், அதற்கு முன் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர்.

ரோசின் மட்டும் இருந்தால் இறுகிவிடும், மரத்தின் நாளங்களில் ஓடாது. டர்பன்டைன் மட்டும் இருந்தால் காயத்தை மூடாமலே காற்றில் கலந்துவிடும். இரண்டும் சேர்ந்திருப்பதால் பிசின் காயம் வரை ஓடுகிறது. அங்கே எண்ணெய் ஆவியானதும் ரோசின் கெட்டியாகி வாயை அடைக்கிறது. கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி பைனில் டெர்பீன்களுக்குப் பதில் பெரும்பாலும் ஹெப்டேன் இருக்கிறது. பெட்ரோலின் ஆக்டேன் அளவுகோலில் சுழியமாக வைத்திருக்கும் அதே ஹெப்டேன்தான்! பொருள் வேறு குடும்பம். கரைத்து ஓடவைக்கும் வேலை மாறவில்லை. இன்னொரு சான்றும் உண்டு: ஸ்புரூஸ் மரத்தைக் காயப்படுத்தினால் அது புதிதாகப் பிசின் நாளங்களையே உண்டாக்குகிறது. கழிவுக்காக எந்த மரமும் புதுக் குழாய் போடாது.

அப்படியானால் பட்டை வண்டுகள் ஏன் காடு காடாக மரங்களைக் கொல்கின்றன என்று நீ மடக்கலாம். நல்ல கேள்விதான். வட அமெரிக்காவின் மலைப் பைன் வண்டு, மரத்தின் ஆல்ஃபா பைனீனையே வெர்பினால் என்ற மணப்பொருளாக மாற்றிக் கூட்டத்தை அழைக்கிறது. ஆனால் அது கூட்டத்தை அழைக்க வேண்டியிருப்பது ஏன்? நலமான மரத்தைத் துளைக்கும் தனி வண்டைப் பிசின் மூழ்கடித்துவிடும். நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் துளைத்தால்தான் மரத்தின் இருப்புத் தீரும். வறட்சியில் தளர்ந்த மரம் அதற்கும் முன்பே தோற்கும். காவல் தோற்பதும் காவலே இல்லாதிருப்பதும் ஒன்றல்ல.

உத்தராகண்டில் சிர் பைனைக் கீறிப் பிசின் எடுப்பவர்கள், ஓட்டம் நிற்காதிருக்கக் கீறலில் கந்தக அமிலக் கலவை தெளிக்கிறார்கள். மரம் காயத்தை மூட முயல்வதைத்தான் நாம் அறுவடை செய்கிறோம். டர்பன்டைனும் ரோசினும் நமக்குத் தேவை. அந்தத் தொழிலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிசின் படிந்த கீறல்கள் கோடைக் காட்டுத்தீயில் எளிதில் பற்றிக்கொள்ளும். இளைத்த மரத்தில் கீறுவதும், ஒரே மரத்தில் அளவுக்கு மீறிக் கீறுவதும் தடுக்கப்பட வேண்டியவை.

அன்புடன்,
உன் மாமா