தலையில் அடிபட்டவரைக் கவனிப்பது எப்படி?

வீடு திருத்தும்போது கூரையிலிருந்து விழுந்தவர் எழுந்து நின்று, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லலாம். ஆனால் மண்டையோட்டுக்குள் இரத்தம் மெதுவாகக் கசிந்தால், அதன் அறிகுறிகள் சில மணித்தியாலங்கள் கழித்தே தெரியவரும். உயரத்திலிருந்து விழுந்தவரையும், சிறிது நேரமாவது நினைவிழந்தவரையும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றவர்களையும் முதல் 24 மணித்தியாலங்கள் தனியே விடாதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு:

1. விழிப்பு: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா?
2. பேச்சு: இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். சரியாகச் சொல்கிறாரா?
3. கை, கால்: இரு கைகளாலும் உங்கள் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கால்களை ஒவ்வொன்றாக உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பலம் குறைகிறதா?
4. கண்மணி: ரோச் லைற் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே அளவாகச் சுருங்குகின்றனவா?

முதல் 2 மணித்தியாலங்கள் அரை மணிக்கு ஒரு தடவையும், பின்னர் மணிக்கு ஒரு தடவையும் பாருங்கள். இரவில் நித்திரையாக இருந்தாலும் எழுப்பிப் பாருங்கள். கண்டதை நேரத்துடன் ஒரு தாளில் எழுதுங்கள்: "பி.ப. 4.30, பெயர் சொன்னார். 5.00, இடத்தை மாற்றிச் சொன்னார்."

வைத்தியசாலையிலும் கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் புள்ளியிடுவார்கள். முழுப் புள்ளி 15, ஆகக் குறைந்தது 3. புள்ளி நேரத்துடன் குறைகிறதா என்பதே முக்கியம். அவர் வந்து சேருமுன் இருந்த நிலையை வைத்தியருக்குச் சொல்வது உங்கள் தாள்தான்.

பலமுறை வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டு போகும் தலையிடி, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர், எழுப்ப முடியாத நித்திரை: இவற்றில் ஒன்று கண்டாலும், மேலே சொன்ன நான்கில் ஒன்று மாறினாலும், தாமதிக்காமல் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். கழுத்தை அசைக்காதீர்கள். உண்ணவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். "வெறியில் கிடக்கிறார்" என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விடயம். உடலில் பழைய எறிகணைத் துண்டோ சன்னமோ இருந்தால், ஸ்கான் எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பலமான காந்தம் அந்த உலோகத்தை அசைத்துவிடலாம். காயம் எப்படி ஏற்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. உலோகம் எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னால் போதும்.