40 சென்டிமீட்டர் தண்ணீர்

செகண்ட் இயர்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல மேனோமீட்டர் ரீடிங் எடுத்தது ஞாபகம் இருக்கா? இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு, கழிச்சு எழுது, சார்கிட்ட கையெழுத்து வாங்கு. நானும் அவ்வளவுதான் செய்தேன். அதே கழித்தலை போன டிசம்பர்ல ஒரு ஆஸ்பத்திரி அறையில் திரும்பவும் பார்த்தேன். அங்கே சேரில் உட்கார்ந்திருந்தவன் எங்க அக்கா பையன். வயசு 6.

அவன் பிறந்தப்போ சிறுநீர் வெளியேறும் பாதையில் சவ்வு மாதிரி ஒரு அடைப்பு இருந்தது. பெயர் போஸ்டீரியர் யூரெத்ரல் வால்வு. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும். வயிற்றைக் கிழிக்கவில்லை. சிறுநீர் வரும் வழியாகவே கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு அந்தச் சவ்வை வெட்டிவிட்டார்கள். வெளியே ஒரு தையல்கூட கிடையாது. அதனாலோ என்னவோ, எல்லாம் முடிஞ்சதுன்னு வீட்டில் நினைச்சுட்டோம். 3 வயசுக்கு அப்புறம் செக்கப்புக்கு யாரும் கூட்டிட்டுப் போகலை.

ஸ்கூலில் சேர்ந்ததும் அடிக்கடி டிராயரை நனைக்க ஆரம்பித்தான். "சோம்பேறி, விளையாட்டுல மறந்துடறே"ன்னு நானே திட்டியிருக்கேன். ரெண்டு தடவை காய்ச்சல் வந்து, யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் யூரோடைனமிக் டெஸ்ட் எழுதினார்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். சிறுநீர்ப்பைக்கு ரெண்டு வேலை. அழுத்தம் ஏறாமல் சேர்த்து வைக்கணும்; நேரம் வந்தால் அழுத்திக் காலி பண்ணணும். நல்ல பையில் கொள்ளளவு கூடினாலும் அழுத்தம் அதிகம் ஏறாது. ஆனால் பிறப்பதற்கு முன்பிருந்தே அடைப்பை எதிர்த்துத் தள்ளிய பையின் சுவர் தடித்து, விறைப்பாகிவிடும். அடைப்பை எடுத்த பிறகும் அந்த விறைப்பு பல பேருக்குப் போவதில்லை.

குழந்தையின் பை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு: (வயசு + 2) × 30 மில்லி. நம்ம பையனுக்கு 240.

டெஸ்ட்டுக்கு மயக்க மருந்து கிடையாது. சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாய் ஒன்று சிறுநீர்ப்பைக்குள் போகும். அதில் ரெண்டு வழி: ஒன்றில் உடம்புச் சூட்டில் உள்ள சலைன் ஏறும், இன்னொன்று அழுத்தத்தை அளக்கும். நிமிஷத்துக்கு 5 முதல் 10 சதவீதம், அதாவது 12 முதல் 24 மில்லி வேகத்தில் நிரப்புவார்கள். இன்னொரு குழாய் மலக்குடலில். அது எதுக்கு?

குழந்தை இருமினாலும் அழுதாலும் வயிற்று அழுத்தம் கூடும். அது பையின் மேலும் விழும். நமக்கு வேண்டியது பையின் தசை மட்டும் கொடுக்கும் அழுத்தம். அதனால் பைக்குள் உள்ள அழுத்தத்திலிருந்து வயிற்று அழுத்தத்தைக் கழிக்கணும். டெக்னீஷியன் "இருமு கண்ணா" என்றார். திரையில் ரெண்டு கோடும் ஒரே அளவு துள்ளின. கழித்த கோடு அசையவில்லை. செட்டப் சரி என்று அர்த்தம். டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர் படிச்சவங்களுக்குப் புரிந்திருக்கும்.

130 மில்லி ஏறியபோது பைக்குள் 55, வயிற்றில் 17. கழித்தால் 38 சென்டிமீட்டர் தண்ணீர். நல்ல பையாக இருந்தால் முழுசாக நிரம்பும்போதுகூட 10, 15-ஐத் தாண்டாது. இவனுக்குப் பாதிதான் நிரம்பியிருக்கு.

38-ல் என்ன பயம்? 1981-ல் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் மெக்வயரும் அவர் குழுவும், முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பைக்குள் அழுத்தம் 40-ஐத் தாண்டிய பிறகே சிறுநீர் கசிந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மேலே உள்ள குழாய்கள் வீங்கிக் கெட்டிருந்தன. காரணம் நம்ம பாடம்தான்: கீழே அழுத்தம் அதிகமானால் மேலிருந்து இறங்க வேண்டியது இறங்காது. கிட்னியிலேயே தேங்கும். வலிக்காது. அதுதான் மோசம். ஸ்கேனில் அவனுக்கு வலது கிட்னி ஏற்கெனவே கொஞ்சம் வீங்கியிருந்தது.

40 சென்டிமீட்டர் என்பது உங்க பெரிய ஸ்கேலைவிடக் கொஞ்சம்தான் உயரம். அவ்வளவு தண்ணீர்.

இப்போ பையைத் தளர்த்த ஆக்ஸிபியூட்டினின் மருந்து கொடுக்கிறார்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம், மலச்சிக்கல் வராமல் சாப்பாடு. இதில் சரியாகலைன்னா வீட்டிலேயே மெல்லிய குழாய் விட்டு, ஒரு நாளைக்குப் பல தடவை காலி பண்ணணும். 1972-ல் ஜாக் லாபிடஸ் சொன்ன முறை அது; கையும் குழாயும் சுத்தமாக இருந்தால் போதும். அடுத்த டெஸ்ட் ஜூன்ல. அதுவரைக்கும் தெரியாது.

உங்க வீட்டில் 5 வயசு தாண்டிய குழந்தை பகலில் நனைச்சால், முக்கிப் போனால், மெலிசாகப் போனால், காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால், திட்டாதீங்க. குழந்தைகளுக்கான யூராலஜி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சின்ன வயசில் ஆபரேஷன் நடந்திருந்தால் செக்கப்பை நிறுத்தாதீங்க.

டெஸ்ட் முடிஞ்சு வெளியே வந்ததும், "மாமா, நான் சோம்பேறி இல்லைதானே?" என்று கேட்டான். இல்லடா, மாமாதான் ரீடிங் எடுக்காமலே ரிசல்ட் எழுதிட்டேன்.