ஐயாயிரத்தில் ஒன்று

குறுங்கோள் மாதிரிகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு, "என்ன அளவில்?" என்பேன். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்குபவை. 34 கி.மீ. நீளமுள்ள ஈரோஸும் 160 மீட்டர்தான் இருக்கும் டைமார்போஸும் ஒரே பருமனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அது கூழாங்கல் சேர்ப்பதற்குச் சமம்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு அளவுகோல் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை மலைச்சரிவில் 1970இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஹயாபுசா விண்கலம் 2005இல் போய் இறங்கிய இட்டோகாவா குறுங்கோளின் நீளம் 535 மீட்டர்! அந்தச் சரிவைக் கண்ணால் பார்த்தவருக்கு இட்டோகாவாவின் நீளத்தை விளக்கவே வேண்டாம்.

அதனால் என் அலமாரி முழுக்க 1:5000. இட்டோகாவா 10.7 செ.மீ.; அதன் முன்னால் தொலைநோக்கிக்காக 10.6 செ.மீ. நீளம், 6 மி.மீ. அகலத்தில் ஒரு தகரப் பட்டை. பென்னு சுமார் 10 செ.மீ., ரியூகு 18 செ.மீ., 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் மோதிய டைமார்போஸ் 3 செ.மீ. ஈரோஸை இந்தக் கணக்கில் செய்தால் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். அதற்கு வீட்டில் இடமில்லை, விட்டுவிட்டேன்.

வடிவக் கோப்புகளை நாசா இலவசமாகவே தருகிறது. 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர்கள் உருவாக்கிய கோப்புகள் பலவும் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். பிரிண்டர் மென்பொருளோ அதை மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும். திரையில் எதுவுமே தெரியவில்லையே என்று திகைக்க வேண்டாம், 200ஆல் பெருக்குங்கள். சரியாக 1:5000 வந்துவிடும்.

குறுங்கோளுக்குத் தட்டையான அடிப்பாகம் கிடையாது. இரண்டாக வெட்டி அச்சடித்து ஒட்டுவதுதான் சுத்தமான வேலை. இட்டோகாவாவில் ஹயாபுசா இறங்கிய பகுதி வழவழப்பானது. வெட்டு அதன் குறுக்கே போனால் தழும்பு காலத்துக்கும் தெரியும். பாறைகள் நிறைந்த பக்கமாகக் கொண்டுபோனால் தானே மறைந்துவிடும். நிறத்தில் பலரும் தாராளமாக வெளுப்பைச் சேர்க்கிறார்கள். பென்னு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அடுப்புக்கரி நிறம் கொடுங்கள். இட்டோகாவா அவ்வளவு கருப்பில்லை.

நம் ஊர் ஆசையில் ஆசியா என்ற குறுங்கோளைத் தேடுவீர்கள். நார்மன் போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்தது அது. எந்த விண்கலமும் அங்கே போனதில்லை. ஆகவே குழிகளும் பாறைகளுமாக நுணுக்கம் காட்டும் ஆசியா மாதிரியை யாராவது விற்றால், அது செய்தவரின் கற்பனை. பிடித்திருந்தால் வாங்குங்கள், மாதிரியின் பெயர்ச்சீட்டில் அதையும் எழுதி வையுங்கள்.

குன்னூர் மூடுபனி இந்தப் பொழுதுபோக்குக்குப் பகை. பிளாஸ்டிக் இழைச் சுருள் ஈரம் குடித்தால் அச்சடிக்கும்போது படபடவென்று வெடிக்கும், பரப்பெல்லாம் நூல் நூலாகத் தொங்கும். சுருளைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகா டப்பாவில் வைத்து, வேலை நேரத்தில் மட்டும் வெளியே எடுப்பேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாதிரிகள் வாங்கினால், வார்னிஷ் பூசாமல் ஐப்பசி அடைமழைக்குள் போக விடாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.