தீக்காயத்திற்குப் பின் நடை: கால்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி

தீக்காயச் சிகிச்சையின் வெற்றியை நாம் பெரும்பாலும் ஒரே கணக்கால் அளந்து வருகிறோம். சேர்க்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தனர் என்பதே அக்கணக்கு. பிழைத்தவர்களில் எத்தனை பேர் தம் வீட்டு வாயிற்படியைத் தாமே ஏறினர், எத்தனை பேர் குழாயடிக்கோ வயலுக்கோ தொழிற்சாலைக்கோ நடந்து சென்றனர் என்னும் கணக்கை மருத்துவமனைப் பதிவேடுகளில் காண்பது அரிது. கால்களில் தீக்காயம் பட்ட ஒருவருக்கு உயிருக்கு அடுத்தபடி பெரிய கேள்வி இதுவேயாகும்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயத்துக்கு ஆளாகின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தலைநகர் தில்லியில் சப்தர்ஜங் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நாட்டிலுள்ள மிகப் பெரிய பிரிவுகளுள் ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினருக்கென எழுப்பப்பட்ட இம்மருத்துவமனை 1954ஆம் ஆண்டில் மைய அரசின் சுகாதார அமைச்சகத்தின்கீழ் வந்தது. தில்லிவாசிகளுடன் உத்தரப் பிரதேசம், அரியானா, பீகார் மாநிலத்தவரும் இங்கு வருகின்றனர். லோக் நாயக், ராம் மனோகர் லோகியா மருத்துவமனைகளிலும் தீக்காயப் பிரிவுகள் உண்டு. தீபாவளியன்று இம்மூன்று மருத்துவமனைகளும் கூடுதல் ஏற்பாடுகளுடன் விழித்திருப்பது ஆண்டுதோறும் நடக்கும் செய்தி. 2014ஆம் ஆண்டில் தில்லி மண்ணெண்ணெய் இல்லா நகரமாக அறிவிக்கப்பட்டது; 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் சமையல் எரிவாயுவை ஏழைக் குடும்பங்களுக்குக் கொண்டு சென்றது. ஆயினும் கொதிநீர், எரிவாயுக் கசிவு, மின்சாரம், ஆலை நெருப்பு ஆகியவற்றால் நேரும் காயங்கள் குறைந்தபாடில்லை.

உடற்பரப்பைக் கணக்கிடும் ஒன்பதின் விதிப்படி, வயது வந்தவரின் ஒரு கால் உடற்பரப்பில் 18 விழுக்காடாகும். இரு கால்களும் முழுமையாக வெந்துவிட்டால் காயம் 36 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. கால்களில் மட்டுந்தானே காயம் என்று உறவினர் ஆறுதல் கொள்வதுண்டு. மருத்துவ நோக்கில் அது முழு உடலையும் உலுக்கும் கடுமையான காயமேயாகும்.

நடை ஏன் கெடுகிறது?

நடையைக் கெடுப்பவை மூன்று. முதலாவது தழும்பு. ஆழமான தீக்காயம் ஆறும்போது உண்டாகும் புதிய திசு தன் இயல்பிலேயே சுருங்குவது. அச்சுருக்கம் மூட்டின் குறுக்கே அமைந்தால் மூட்டையே இழுத்து மடக்கிவிடும். இரண்டாவது தசை இழப்பு. கடுமையான தீக்காயத்தின்போது உடலின் வளர்சிதை மாற்றம் பெருமளவு உயர்கிறது. உடல் தன் தசையையே எரிபொருளாக்கிக் கொள்கிறது. காயம் மூடிய பின்னரும் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் இந்நிலை நீடிக்கிறது. நீண்ட படுக்கையும் இதனுடன் சேர்ந்தால் தொடைத் தசைகள் கண்ணெதிரே மெலிந்து விடுகின்றன. மூன்றாவது அச்சம். காலைக் கீழே தொங்கவிட்டால் இரத்தம் இறங்கிக் குத்தும் வலி, புதிய தோல் கிழிந்துவிடுமோ என்னும் ஐயம், விழுந்துவிடுவோமோ என்னும் கலக்கம் ஆகியவை நோயாளியைக் கட்டிலோடு பிணைத்து விடுகின்றன. மருந்துச் சீட்டில் இம்மூன்றாவதற்கு இடமில்லாததால் அதைச் சிறிதெனக் கருதிவிடலாகாது.

இவை ஒன்றையொன்று வளர்ப்பன. அச்சத்தால் அசையாதவருக்குத் தசை மெலிகிறது. தசை மெலிந்தவரால் சுருங்கும் தழும்பை எதிர்த்து மூட்டை நீட்ட இயலுவதில்லை. மடங்கிய முழங்காலுடன் நிற்க முயல்பவர் உண்மையிலேயே விழுகிறார்.

சுகமான நிலையே ஆபத்தான நிலை

தீக்காயப் பிரிவில் பணியாற்றுவோர் முதல்நாளே கற்கும் பாடம் ஒன்றுண்டு. நோயாளிக்கு எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே மூட்டு இறுகிப்போகும். இடுப்பையும் முழங்காலையும் சற்றே மடக்கிப் பாதத்தைத் தொங்கவிட்டுப் படுத்தால் வலி குறைகிறது. அன்பு மிகுந்த தாயோ மனைவியோ முழங்காலின்கீழ் ஒரு தலையணையை வைத்து விடுகின்றனர். சில வாரங்களில் அத்தலையணை செய்யும் தீங்கைப் பின்னர் அறுவை மருத்துவர் கத்தி கொண்டு நீக்க வேண்டியதாகிறது.

ஆகவே மறுவாழ்வுப் பயிற்சி சேர்க்கப்பட்ட நாளிலேயே தொடங்குகிறது எனலாம். இடுப்பு நேராகவும், கால்கள் சற்றே அகன்றும், முழங்கால்கள் நீண்டும், பாதங்கள் காலுக்குச் செங்கோணமாகவும் இருக்குமாறு நோயாளியைக் கிடத்த வேண்டும். பாதத்தைத் தாங்க மரப்பலகையோ, பாரிஸ் சாந்தாலான தாங்கியோ போதுமானது. விலையுயர்ந்த கருவி இல்லை என்னும் காரணத்தை இங்கு எந்த மாவட்ட மருத்துவமனையும் கூற இயலாது. கால் வெளிப்புறம் சாய்ந்து கிடந்தால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்க எலும்பின்மீது ஓடும் நரம்பு நசுங்கும். பாதத்தை உயர்த்தும் ஆற்றல் போய்விடும். தீயால் வராத இவ்வூனம் கவனக்குறைவால் வருவது.

படுக்கையிலேயே கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துதல், முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுதல் ஆகியவற்றை நோயாளி தாமே செய்ய வேண்டும். கட்டு மாற்றும் நேரம் இதற்கு ஏற்றது. வலி நீக்கும் மருந்து அப்போது வேலை செய்து கொண்டிருக்கும். கட்டுகளின் தடையும் இராது. தோல் எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால் காணலாம். செவிலியரும் இயன்முறை மருத்துவரும் ஒரே நேரத்தில் படுக்கையருகே நிற்கும் வழக்கம் இருந்தால் மட்டுமே இது கைகூடும். பணி நேர அட்டவணை சார்ந்த இச்சிறு நிருவாகச் செய்தி பல மூட்டுகளைக் காப்பாற்ற வல்லது.

விதிவிலக்குகளும் உண்டு. தசைநாணோ மூட்டோ வெளியே தெரியும் இடத்தில் அசைவு கூடாது. தோல் ஒட்டிய இடம் பிடித்துக்கொள்ளும் வரை, வழக்கமாக ஏறத்தாழ 5 நாட்கள், அம்மூட்டுக்கு ஓய்வு அளிக்கப்படும். இந்த ஓய்வை அறுவை மருத்துவர் தம் கையால் தொடங்கித் தம் கையால் முடித்து வைக்க வேண்டும். முடித்து வைக்க எவரும் நினையாமையால் 5 நாட்கள் 5 வாரங்களாக நீண்டுவிடும் ஆபத்து எப்போதும் உள்ளது.

முதல் அடியிலிருந்து

ஒட்டிய தோல் பிடித்த பின் முதன்முறை எழுந்து நிற்பதற்குமுன் விரல் அடியிலிருந்து தொடை நோக்கி மீள்தன்மையுள்ள பட்டையை எட்டு வடிவில் சுற்றுவர். புதிய தோலின் நுண்குழாய்களுக்கு இரத்தத்தின் எடையைத் தாங்கும் வலு இன்னும் வந்திராது. பட்டை சுற்றாமல் காலைத் தொங்கவிட்டால் கால் நீலம்பாரித்து வீங்கும். ஒட்டின்கீழ் இரத்தம் தேங்கும். அசையாமல் நிற்பதைவிட நடப்பது நன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே செலுத்துகின்றன.

கட்டில் ஓரத்தில் அமர்தல், இணைக்கம்பிகளைப் பற்றி நிற்றல், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுதல், பின்னர் வாக்கர் துணையுடன் சில அடிகள் என்று பயிற்சி வளர்கிறது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எப்படியாவது நடந்தால் போதும் என்று விட்டுவிடலாகாது. குதிகால் தரையில் படாமல் விரல்நுனியில் நடப்பவருக்குப் பின்தசைநாண் நாளுக்கு நாள் குறுகும். குதிகால் முதலில் பட்டு, முழங்கால் நீண்டு, எடை முன்பாதத்துக்கு உருண்டு செல்லும் நடையைத் தொடக்கத்திலேயே பழக்க வேண்டும். இயல்பான நடைக்குக் கணுக்கால் சுமார் 10 பாகை மேல்நோக்கி மடங்க வேண்டும். கால் முன்வீசும்போது முழங்கால் 60 பாகையளவு மடங்க வேண்டும்.

மேலைநாட்டுப் பாடநூல்கள் இத்துடன் நிறைவடையக்கூடும். நமக்கு அது போதாது. நாம் தரையில் அமர்ந்து உண்கிறோம். குந்தி அமரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்துகிறோம். சம்மணமிட்டு வேலை செய்யும் தொழில்கள் நம்மிடையே ஏராளம். இவற்றுக்கு முழங்கால் 120 பாகையையும் கடந்து மடங்க வேண்டும். கணுக்காலும் நன்கு வளைய வேண்டும். 90 பாகை மடங்கும் முழங்காலுடன் வீடு திரும்பும் கிராமத்துப் பெண் நடக்க வல்லவர் என ஏட்டில் பதிவாகலாம். காலைக்கடனுக்குப் பிறர் துணையை எதிர்நோக்கும் அவரது இன்னல் அவ்வேட்டில் இராது. எனவே இந்தியப் பயிற்சித் திட்டத்தில் குந்துதலும் தரையிலிருந்து எழுதலும் தனி இலக்குகளாக இடம்பெறுவது இன்றியமையாதது.

வீடு திரும்பிய பின்

தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டு முதல் இரண்டாண்டுகள் வரை ஆகிறது. மருத்துவமனை வாசமோ சில வாரங்கள். மிகுதிக் காலம் முழுவதும் தழும்பு வீட்டில்தான் சுருங்குகிறது. அளவெடுத்துத் தைத்த அழுத்த ஆடையை நாளில் 23 மணி நேரம் அணிதல், தேங்காயெண்ணெய் போன்றவற்றால் தழும்பை நீவி மென்மையாக்கிய பின் மெல்ல இழுத்து நிறுத்துதல், இரவில் தாங்கி கட்டுதல் ஆகியவை தொடர வேண்டும். தழும்பு வெளிறும் அளவுக்கு இழுத்துச் சிறிது நேரம் நிறுத்துவது பயன் தரும். வேகமாக வெட்டி இழுப்பது தோலைக் கிழிக்கும்.

இழுவைப் பயிற்சியோடு நின்றுவிடுவது நம்மிடையே காணப்படும் பெருங்குறை. தசைக்கு வலிமை சேர்க்கும் பயிற்சியும், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தாங்கும் திறன் தரும் பயிற்சியும் தனியே தேவை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு எடுத்துக்காட்டியது. உடலில் 40 விழுக்காட்டுக்கு மேல் காயமுற்ற சிறுவர்களுக்குக் காயம் பட்ட 6 மாதங்களுக்குப்பின் 12 வாரங்கள் எடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. வழக்கமான வீட்டுப் பயிற்சியை மட்டும் செய்த சிறுவர்களைவிட இவர்களது கால் வலிமை தெளிவாக உயர்ந்தது. எகிப்து நாட்டில் கால் தீக்காயம் ஆறிய சிறுவர்களிடம் பின்னர் நடத்தப்பட்ட 12 வார வலுப்பயிற்சியில் தொடைத் தசையின் வலிமையுடன் நடையும் சீரடைந்தது.

அந்நாடுகளின் இயந்திரங்கள் நமக்கு வேண்டுவதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், ஒற்றைப் படியில் ஏறி இறங்குதல், கணுக்காலில் மணற்பை கட்டி முழங்காலை நீட்டுதல், மிதிவண்டி ஓட்டுதல் ஆகியவை அவ்வேலையைச் செய்யும். வாரத்தில் மூன்று நாட்களேனும் செய்வதும், எடையைப் படிப்படியாக உயர்த்துவதும் இன்றியமையாதன. போதிய புரதம் இல்லாத உடலில் பயிற்சி தசையாக மாறாது என்பதால் பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றையும் மருத்துவர் தம் சீட்டில் எழுத வேண்டும். அவற்றை வாங்க இயலாத குடும்பத்துக்கு வழி என்ன என்பதைச் சமூகநல அலுவலர் ஆராய வேண்டும்.

தில்லி போன்ற ஊருக்கு மற்றொரு கருத்தும் உண்டு. ஒட்டப்பட்ட தோலில் வியர்வைச் சுரப்பிகள் செயல்படுவதில்லை. உடல் வெப்பத்தை வெளியேற்றும் வழி அந்த அளவுக்கு அடைபடுகிறது. 40 பாகைக்கு மேல் வெயில் கொளுத்தும் மே, சூன் மாதங்களில் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றுவதும், இடையிடையே நீர் அருந்துவதும், தலைச்சுற்றல் கண்டால் உடனே நிறுத்துவதும் தேவை. வெயிலில் அழுத்த ஆடையைக் கழற்றி எறிபவரைக் கடிந்து பயனில்லை. மாற்றிக்கொள்ள இரண்டாவது ஆடை ஒன்றைக் கொடுத்தனுப்புவதே தீர்வு.

நிருவாகம் செய்யத்தக்கது

மைய அரசு 2010இல் அரியானா, இமாசலப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களில் தீக்காயத் தடுப்பு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் தேசியத் திட்டமாக விரிவாக்கியது. தடுப்பு, சிகிச்சை, மறுவாழ்வு என்னும் மூன்றையும் அது குறிப்பிடுகிறது. கட்டடமும் கட்டிலும் கண்ணுக்குத் தெரிவன, மறுவாழ்வு தெரிவதில்லை. அதனைத் தெரியச் செய்ய எளிய வழி உண்டு. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் அசைவைக் கோணமானியால் அளந்து எழுதலாம். 30 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் 6 நிமிடங்களில் நோயாளி எவ்வளவு தூரம் நடந்தார் என்பதையும் குறிக்கலாம். மூன்று மாதங்களுக்குப்பின் அதே அளவுகளை மீண்டும் எடுத்தால், தழும்பு வென்றதா பயிற்சி வென்றதா என்பது விளங்கிவிடும். முழங்காலின் நீட்டம் குறைந்து வருவதை உரிய காலத்தில் கண்டால் தாங்கியால் சரிசெய்யலாம். காலம் கடந்தால் அறுவையே வழி.

கைக்கோலும் வாக்கரும் பெற 1981 முதல் நடைமுறையிலுள்ள உதவிக் கருவித் திட்டம் இருக்கிறது. கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனம் அவற்றை உற்பத்தி செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இயக்கக் குறைபாட்டுடன் அமிலவீச்சுக்கு ஆளானோரையும் சேர்த்துக்கொண்டுள்ளது. எஞ்சுவது தொலைவு என்னும் இடர்ப்பாடு. பீகாரின் சிற்றூருக்குத் திரும்பிய தொழிலாளி வாரத்துக்கு மூன்று முறை சப்தர்ஜங் வர இயலாது. ஒருமுறை வருவதற்கே அவருக்குச் சில நாள் கூலி இழப்பு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் வீடுகளுக்கே செல்கின்றனர். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களிலிருந்து வீடு திரும்புவோரின் பெயரும் மூட்டு அளவுகளும் அதே வாரத்தில் அவரவர் வட்டாரத்து இயன்முறை மருத்துவரைச் சென்றடைய ஏற்பாடு செய்வது கடினமன்று. வட மாநிலங்களில் இத்தகைய அமைப்பு உருவாகும்வரை, மருத்துவமனையில் உடனிருக்கும் உறவினர் ஒருவருக்குப் பட்டை சுற்றவும், தழும்பை நீவவும், முழங்காலை நீட்டவும் செய்முறையாகக் கற்பித்து, அவர் தாமே செய்து காட்டிய பின்னரே நோயாளியை அனுப்புவது என்னும் நடைமுறையை நாளைக்கே தொடங்கலாம். அதற்குத் தேவைப்படுவது ஒரு பாயும், இயன்முறை மருத்துவரின் அரைமணி நேரமுமே.